சுவரில் இருந்த குமிழ்

என்னைப் போன்ற ஒரு முட்டாளை நோயாளிக்குத் துணையாக விடக் கூடாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போட்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்று, எச்சில் துப்பாதே என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இதை விட்டுவிட்டார்கள்.

அண்ணன் சேரன்மகாதேவியில் நாற்பது வருஷம் அரிசி ஆலைத் தூசியைத் தின்றவன். அது போதாதென்று பீடி வேறு. நுரையீரல் கெட்டு, மூச்சு முட்டித் திருநெல்வேலியில் கொண்டுவந்து போட்டிருந்தோம். மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் அளவு காட்டும் கிளிப். சுவரில் ஒரு குமிழ். அதற்கு மேலே கண்ணாடிக் குழலுக்குள் சின்ன உருண்டை ஒன்று மிதக்கும்.

"உருண்டை ரெண்டுலயே நிக்கணும். விரல்ல தொண்ணூறு காட்டுனாப் போதும். கூட்டுனா இவருக்கு ஆபத்து" என்று டாக்டர் எங்கள் இருவரிடமும்தான் சொன்னார். அண்ணன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். என் தலைக்கு ஒழுங்காக வரும் வேலை அது ஒன்றுதான்.

எனக்கு வயல் கால்வாயின் கடைமடையில். நீர் பாய்ச்சுகிறவர் அளந்து வைத்துவிட்டுப் போகும் மடைப்பலகையை, அவர் தலை மறைந்ததும் ஒரு விரல்கடை தூக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அளந்து விடுகிறவன் குறைத்துத்தான் விடுவான் என்பது என் முடிவு. போதாக்குறைக்கு, கொரோனாவில் விரல் கிளிப் வாங்கி வீட்டோடு டாக்டரானவர்களில் நானும் ஒருவன். அப்போது தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால் தெருவே அலறும். இங்கே எண்பத்தொன்பது காட்டுகிறது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானம் மதினி கஞ்சி எடுத்துவர ஊருக்குப் போயிருந்தாள். காலையிலிருந்தே தவித்துக்கொண்டிருந்த அண்ணன், "முடியலலே... போதும்லே" என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். உறங்கிவிட்டான் என்று நினைத்தேன். சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் பைய எழுந்து குமிழைத் திருகினேன். உருண்டை எட்டுக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் விரலில் தொண்ணூற்றெட்டு. முகம் சிவந்தது, தவிப்பு அடங்கியது. என் கைராசியை நானே மெச்சிக்கொண்டு மதினிக்குப் போன் போட்டேன்.

"மதினி, பதறாம வாங்க. அண்ணன் அருமையா உறங்குதான்."

சிஸ்டர் வந்து அவன் தோளைத் தட்டினார். உலுக்கினார். நெஞ்செலும்பில் விரல்முட்டியை வைத்து அழுத்தினார். அண்ணன் முழிக்கவில்லை. அவர் கண் சுவருக்குப் போயிற்று.

"யாரு அண்ணாச்சி இதத் திருக்குனது?"

நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன். அது எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

"நாந்தாம்மா."

டாக்டர் ஓடிவந்து மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "ஆக்சிஜன் கூடுனதுல மூச்சு மந்தமாகி, கரியமில வாயு வெளிய போகாம உள்ளேயே ஏறிட்டு. இது உறக்கமில்ல, மயக்கம். மாஸ்க் போட்டு மிஷின்ல காத்தத் தள்ளுதோம். ரெண்டு மணி நேரத்துல வாயு இறங்கலன்னா தொண்டையில குழாய் போடணும். இவரு நுரையீரலுக்குக் குழாயப் போட்டா, எடுக்கது பெரிய பாடு." அவர் என்னைத் திட்டவே இல்லை. ரெண்டு அறை கொடுத்திருந்தால் வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

அண்ணனின் பல்செட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்துத் தலையைச் சுற்றி வாரால் இறுக்கினார்கள். குழிந்த கன்னத்தின் ஓரமாகக் காற்று சீறியது.

"இங்கன அமுக்கிப் பிடிங்க" என்றார் சிஸ்டர். "வேற எதையும் தொட்றாதீங்க."

பிடித்தேன். மிஷின் தள்ளும்போது நெஞ்சு எழும்பும், விடும்போது அமரும். அது எழும்பாத ஒரு கணம் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு வரை அவன் கைதான் என் கன்னத்துக்கு வந்திருக்கிறது. என் கை அவன் கன்னத்துக்குப் போனது அன்றுதான். சட்டைப் பைக்குள் அவன் பற்கள் என் நெஞ்சைக் கவ்விக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

மதினி தூக்குச்சட்டியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "உறங்குதாகன்னு சொன்னியளே, தம்பி?"

"திடீர்னு இப்படி ஆயிட்டு மதினி" என்றேன். சிஸ்டர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மாஸ்க்கின் வாரைச் சரிசெய்தார்.

இரண்டாவது ரத்தச் சோதனையில் வாயு இறங்கியிருந்தது. விளக்குப் போடும் நேரத்தில் அண்ணன் கண் திறந்தான். ஆனால் பழைய அண்ணன் திரும்பவில்லை. மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டு புண்ணாகிவிட்டது. இனி வீட்டிலும் அந்த மிஷினோடுதான் இருக்க வேண்டும் என்றார்கள். கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் போவதே அவனுக்கு வெளியூர்ப் பயணம்.

நாலாம் நாள், கஞ்சி குடிக்க மாஸ்க்கைக் கழற்றினார்கள். மதினி பாத்திரம் கழுவப் போயிருந்தாள். எனக்கு அதற்கு மேல் அடக்கத் தெரியவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீ உறங்குதப்ப அந்தக் குமிழத் திருக்குனது நாந்தான்."

அவன் சுவரைப் பார்த்தான். உருண்டை இரண்டில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தான்.

"நான் எங்கலே உறங்குனேன், பாத்துக்கிட்டுதான் கெடந்தேன்."