காலிருந்தும் வரவில்லை

மேல்வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுக்கும் அந்த ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘மூணடுக்கு’. சாப்பாட்டு கேரியருக்கு வைக்க வேண்டிய பெயர்தான். ஆனால் மனிதர் வாயைத் திறந்தால் எதுவும் மூன்று அடுக்காகத்தான் வரும். முரண், ஏற்றம், அடுக்கு என்று மேடைப் பேச்சுக்கான சொற்களைப் பலகையில் எழுதிப்போட்டு, ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களைப் பிள்ளைகளிடம் கேட்பார். இரண்டோடு நிறுத்துகிற பிள்ளையை உட்கார விடமாட்டார். முக்காலிக்கு இரண்டு கால் போதுமா, மூன்றாவதைக் கொண்டா என்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து, உப்பில்லை, உறைப்பில்லை, உயிரில்லை என்றார். நாலாவதாகச் சாப்பாடும் இல்லை என்று மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்படிச் சிரிப்போடு போய்க்கொண்டிருந்த பழக்கம் ஒரு பெண்ணின் வேலையில் கைவைத்தது.

பள்ளியின் வேதியியல் கூடத்தில் குப்பி கழுவி, மேசை துடைத்து, மருந்துகளை எடுத்துக் கொடுப்பவளைப் பிள்ளைகள் ‘லேப் அக்கா’ என்பார்கள். ஒருநாள் ஆசிரியரோ மற்ற பிள்ளைகளோ கூடத்தில் இல்லாத நேரத்தில் அமிலக் குப்பி கவிழ்ந்து ஒரு மாணவியின் கை வெந்துபோனது. அலறல் கேட்டு, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த மூணடுக்கு வாசலில் நின்று பார்த்தார். லேப் அக்கா உள்ளறையில் குழாயைத் திறந்துவிட்டுக் குப்பி கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டது தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தியதும் ஓடிவந்தாள். மாணவியின் கையைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். இவர் கைக்குட்டையைப் பிடித்தபடி நின்றார், அவ்வளவுதான்.

விசாரணைக்கு நிர்வாகக் குழு கூடியது. மாணவி மருத்துவமனையில் இருந்தாள். லேப் அக்கா என்ன சொன்னாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறாள் என்றார்கள். பார்த்த பெரியவர் இவர் ஒருவர்தான். எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

“கண்ணிருந்தும் பார்க்கவில்லை. காதிருந்தும் கேட்கவில்லை. காலிருந்தும் வரவில்லை.”

நரம்பில்லாத நாக்கு. முதல் இரண்டும் ஒருவிதத்தில் உண்மை. மூன்றாவது அப்பட்டமான பொய். உட்கார்ந்த கணமே அவருக்குச் சுருக்கென்றது. எழுந்து திருத்தியிருக்கலாம். ஆனால் தாளாளர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலை இழக்க இவருக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே லேப் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விஷயத்தைக் கேட்ட மனைவி, நிஜமாகவே அந்த அம்மா வரவில்லையா என்று கேட்டாள். இவர் சட்டையைக் கழற்றி மாட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

அவர் மறக்க நினைத்தாலும் வாக்கியம் விடவில்லை. ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் அதை ராகம் போட்டுச் சொன்னார். அங்கிருந்து அது வகுப்புக்கு இறங்கியது. அடுக்குக்கு ஓர் உதாரணம் கேட்டபோது, பேச்சுப் போட்டிக்குப் போகிற மாணவன் எழுந்து அந்த மூன்றையும் கணீரென்று சொன்னான். வகுப்பே கை தட்டியது. கட்டுப்போட்ட கையோடு அன்றுதான் பள்ளிக்குத் திரும்பியிருந்த மாணவி மட்டும் தட்டவில்லை. தட்டவும் முடியாது.

“மூணாவது தப்பு சார்,” என்றாள். “அக்காதான வந்து என் கையைக் கழுவுனாங்க. நீங்களும் வாசல்ல நின்னீங்களே.”

அத்தனை பிள்ளைகளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே தாளாளர் அறைக்குப் போனார்.

குழு மறுபடி கூடியது. இந்த முறை லேப் அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். சுவரோரமாக நின்றாள். மூணடுக்கு எழுந்தார்; செருமக்கூடத் தோன்றவில்லை.

“வந்தாங்க,” என்றார்.

தாளாளருக்கு எரிச்சல். அன்றைக்கு அவ்வளவு அழகாகச் சொன்னதால்தானே நம்பினோம், வந்தவளை ஏன் வரவில்லை என்றீர்கள் என்று கேட்டார். பகை ஏதாவது இருந்திருந்தால்கூடச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதுவும் இல்லை.

“ரெண்டோட நிறுத்துனா நல்லா இல்ல சார்,” என்றார் மெதுவாக.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவளை நாளை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டுக் குழு கலைந்தது. லேப் அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“நல்லா இருக்கணும்னுதானா சார் என்னைய அனுப்புனீங்க?”

சமாதானமாக நாலு வார்த்தை சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். ஒன்றுதான் வந்தது.

“ஆமாம்மா.”

அவள் வெளியே போனாள். போகும்போது கதவை மெல்லத்தான் சாத்தினாள்.