சந்தனம் அப்பிய பட்டனும் ஒரு சின்னமனூர்ச் சம்பந்தமும்

ஒரு மானிட்டரைச் சுத்தமாகத் துடைத்ததற்காக ஒரு வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். துடைக்காமல் வந்திருந்தால் கெட்டிக்காரன் என்று பேர் எடுத்திருப்பேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். டிவி வேலை குறைந்து மானிட்டர் வேலை வந்தபோது அதற்கு மாறிக்கொண்டேன். இப்போது சின்னமனூரைச் சுற்றி வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன். எனக்குக் கூச்சம் அதிகம். ஆள் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச வராது. மானிட்டர் வேலை ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம். முக்கால்வாசி நேரம் அதன் முதுகுப் பக்கம் நின்றால் போதும்.

1. வழக்கமாக வருகிற கோளாறுகள்

"டிஸ்பிளே வரல" என்று போன் வந்தால், பாதி வீடுகளில் கேபிள்தான் கழன்றிருக்கும். திரை கறுத்துப்போனால் சனி பிடித்துவிட்டது என்று குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு, அப்புறம் எனக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. நான் போய்க் கேபிளைச் செருகுவேன். படம் வந்துவிடும். "பாத்தியா, வெளக்குப் போட்டதுக்குப் பலன்" என்பார்கள். நான் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

உத்தமபாளையத்தில் ஒருத்தர் வாஸ்துப்படி மானிட்டரை மட்டும் கிழக்கே திருப்பி வைத்தார். சி.பி.யு. பழைய மூலையிலேயே இருந்தது. கேபிள் துணி காயப்போடுகிற கொடி மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. அதில் ஒரு பின் வளைந்து நீல நிறம் போய்விட்டது. எதைத் திறந்தாலும் மஞ்சள். சரிசெய்யப் போனேன். "மங்களகரமாத்தானப்பா இருக்கு, விட்டுரு" என்றார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கோளாறு என்று நான் நினைப்பதை வீட்டுக்காரர்களும் அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று சட்டமில்லை.

2. கழுத்தை மறைத்த பெட்டி

சின்னமனூரிலேயே இருக்கிற பாண்டியம்மாள் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. அவருடைய மகன் சரவணன் வாழைக்காய் மண்டியில் வேலை பார்க்கிறவர். அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஸ்கிரீனுக்கு அடியில ஒரு பெட்டி வந்து நிக்குது. போகமாட்டேங்குது. உடனே வாப்பா. சாயங்காலம் எங்க அண்ணன் கம்பத்துலருந்து வாராக."

போய்ப் பார்த்தேன். பிரைட்னஸ் காட்டுகிற பெட்டி திரையின் கீழ்ப்பக்கம் நிலையாக நின்றது. அளவு நூறு. காரணம் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜை அன்று அக்கா மானிட்டரின் கீழ்ச்சட்டத்தில் இருக்கிற பட்டன்களுக்கு ஒன்றுவிடாமல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். எங்கள் பக்கம் மிக்சி முதல் மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் இந்த மரியாதை உண்டு. சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பிரைட்னஸ் ஏற்றுகிற பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டது.

திரையில் இரண்டு போட்டோ பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று சரவணன். இன்னொன்று ஓடைப்பட்டிப் பெண் சங்கீதா. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பெண் திருப்பூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தது. லீவு கிடைக்காததால் முதலில் வீடியோ கால், தாய்மாமன் சரியென்று சொன்னால் நேரில் போய்ப் பூ வைப்பது என்று பேச்சு.

"ஜாதகம் பொருந்திருச்சு தம்பி. பொண்ணப் பாரு, பாலாட்டம் இருக்கு" என்றார் அக்கா. "எனக்குக் கண்ணு ஆப்ரேசன் பண்ணதுலருந்து போன்ல சரியாத் தெரியாது. இதுல பெருசாப் போட்டு வச்சிருக்கான். இந்தப் பெட்டிதான் கழுத்த மறைக்குது. கழுத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியவேணாமா?"

ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, பல் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். பட்டன் டக்கென்று எழும்பியது. மானிட்டரை ரீசெட் செய்தேன். பிரைட்னஸ் தன் பழைய இடத்துக்கு இறங்கியது. பெட்டி மறைந்தது. சரியான நிறத்தில் படம் வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"யாத்தே! பொண்ண என்னப்பா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலக்கா. பட்டனத்தான்..."

"பாலாட்டம் இருந்த பிள்ளய இப்படிக் கருக்கி வச்சிருக்கியே!"

பெட்டி மறைத்திருந்த கழுத்தில் மெல்லிசாக ஒரு செயின் மட்டும் கிடந்தது. அக்காவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அடி. பக்கத்துப் படத்தில் இருந்த அவர் மகனும் அதே அளவுக்குக் கறுத்திருந்தார். அது அக்காவின் கண்ணில் படவில்லை. நான் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் வராதே. மானிட்டரின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சரவணன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. அவருக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது என்பது எனக்கே தெரிந்தது. ஒரு பல் குச்சியால் ஒரு கல்யாணத்தைக் கலைத்துவிட்டோமே என்று குச்சியைப் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

"அண்ணன் வர்ற நேரமாச்சு. பழையபடி வச்சுரு" என்றார் அக்கா. "வச்சுட்டு நீ இங்கனயே இரு. மறுபடி எறங்கிரப்போகுது."

நூறில் வைத்தேன்.

3. பேரம்

தாய்மாமன் வந்தார். மண்டி ஏலத்தில் பேசிப் பழகிய குரல். வந்ததும் நாற்காலியை மானிட்டருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீடியோ கால் வந்தது. ஹாஸ்டல் அறையில் அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே ட்யூப்லைட். இங்கே பிரைட்னஸ் நூறு. கூந்தல் தெரிந்தது, பொட்டுத் தெரிந்தது, நடுவில் வெறும் வெள்ளை.

"ஏத்தா, ட்யூப்லைட்டையா பொண்ணு பாக்க என்னய கூப்பிட்ட?" என்றார் மாமன். "மூக்கு எங்கன இருக்கு?"

"மூக்கெல்லாம் இருக்குண்ணே. கொஞ்சம் கொறப்பா, தம்பி."

எண்பதுக்கு இறக்கினேன்.

"இப்பத்தான் மூக்கோட நெழல் விழுது. இன்னுங் கொற."

"போதும், போதும்!" என்றார் அக்கா.

"ஏய், நீ கொற."

எழுபது. அக்கா கையை உயர்த்தி ஏற்றச் சொல்கிறார். மாமன் கையைத் தாழ்த்தி இறக்கச் சொல்கிறார். ஓடைப்பட்டியில் திராட்சைக்குக்கூட இப்படிப் பேரம் நடந்து நான் பார்த்ததில்லை. எழுபத்தைந்து என்றார் அக்கா. அறுபது என்றார் மாமன். இரண்டு பேரும் சொல்வதைக் கேட்டு, ஏற்றி இறக்கி, எனக்கு விரல் வலித்துவிட்டது. மைக்கும் கேமராவும் ஆனில் இருப்பது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

"அத்தே" என்று ஸ்பீக்கரில் சத்தம் வந்தது.

நான் பட்டனிலிருந்து கையை எடுத்தேன்.

"அந்தப் பட்டன அமுக்குற அண்ணனுக்குக் கை வலிக்கப்போகுது. நான் கருப்புத்தான் அத்தே. இன்னைக்கு எம்புட்டுதான் ஏத்தி வச்சாலும், நாளைக்கு வீட்டுக்கு வாரப்போ பட்டனையும் தூக்கிக்கிட்டா வரமுடியும்?"

சொல்லிவிட்டுப் பெண் திரையை விட்டு நகரவில்லை. சிரிக்கவும் இல்லை. பதிலுக்காக உட்கார்ந்திருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் பட்டனைப் பார்த்தேன்.

சரவணன்தான் முதலில் பேசினார். "எம் போன்ல மொதல்லருந்தே இந்த நெறந்தாம்மா. பாத்துத்தான் சரின்னேன். பாலாட்டம் இருக்குன்னு நீயாத்தான் சொன்ன. சந்தோசமா இருக்கியேன்னு விட்டுட்டேன்."

"இம்புட்டு நாளா வாயத் தொறக்காம இப்பச் சொல்றியாக்கும்?"

மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். "மூக்கத் தேடுனேன். வாயே கெடச்சிருச்சு. ஆத்தா சங்கீதா, எப்பிடியாவது லீவு போடு, ஒங்க அப்பாகிட்டயும் சொல்லு. வர்ற வெள்ளிக்கெழம பூ வைக்க வாரோம்." தங்கையின் பக்கம் திரும்பினார். "ஒனக்கும் சம்மதந்தான?"

அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு, "காபி போடுறேன்" என்று உள்ளே போனார். எங்கள் ஊரில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. சர்க்கரை போடாமல் வந்தது. கேட்கவில்லை, குடித்தேன்.

4. டேப்

கல்யாணம் நடந்தது. பத்திரிகை வைத்தார்கள், போயிருந்தேன். மண்டப வாசலில் வைத்த பெரிய எல்.இ.டி. திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றார்கள். போட்டோகிராபர் நல்ல தொழில்காரர். அக்கா அந்தத் திரைக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் மேலே கையைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ அதுகிட்டப் போகாத" என்றார்.

அடுத்த ஆயுத பூஜை கழிந்து அந்த வீட்டிலிருந்து மறுபடி போன் வந்தது. பயந்துகொண்டேதான் போனேன். கேபிள்தான் கழன்றிருந்தது. செருகிவிட்டு வழக்கம்போலப் பட்டனைப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. பல் குச்சியைக் கையில் எடுத்தேன்.

"வேணாம்ணே. உத்துப் பாருங்க" என்று மருமகள் சொன்னார்.

பட்டன்களின் மேல் நீளமாகச் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. சந்தனமெல்லாம் டேப்புக்கு மேலேதான் இருந்தது. பூஜைக்கு முந்தின நாளே ஒட்டிவிட்டாராம். மாமியாருக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியும் தம்பி" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேப்பு கோணலா இருந்துச்சு. நாந்தான் நேரா ஒட்டச் சொன்னேன்."

காபி வந்தது. இந்தத் தடவை சர்க்கரை இருந்தது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஒரு வீட்டில் திரையின் நிறத்தை மாற்றுவதற்கு முன்னால், அந்த வீட்டில் பெண் பார்க்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பையில் ஸ்க்ரூ டிரைவரை மறந்தாலும் செல்லோ டேப்பை மறக்காதீர்கள்.