நீல சைக்கிள்

பாலத்து இறக்கத்தில் ஒரு வேன் உரசி என் கணவர் சைக்கிளோடு விழுந்தது, எனக்கு முக்கூடல் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த மறு வருடம். கால் எலும்பு கூடியபிறகு, டவுனில் தாம் கணக்கு எழுதிய ஜவுளிக்கடைக்கு பஸ்ஸில் போகத் தொடங்கினார். சைக்கிளை மட்டும் தொடவில்லை. பின்கட்டுச் சுவரில் சாய்ந்தபடி அது துருவேறிக் கிடந்தது.

அதில் அவர் போய்ச் செய்த வேலையெல்லாம் என்னிடம் வந்தது. மாவு அரைக்க, மண்ணெண்ணெய் வாங்க, காய்கறிக்கு என்று எல்லாவற்றுக்கும் நான்தான். பள்ளி விட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பையைப் போட்டுவிட்டு மறுபடி கடைத்தெருவுக்கு நடப்பேன். அவரிடம் கோபப்படக்கூடத் தெம்பு இருக்காது.

நிறம் மாறினால் விழுந்த நினைப்பு கொஞ்சம் விலகும், ஏறிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. ஜங்ஷனில் ஒரு நீல ஸ்பிரே டப்பா வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்த கையோடு, உப்புத்தாளால் துருவைத் தேய்க்க உட்கார்ந்தேன். நடுக்கம்பி ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. சக்கரங்களுக்கும் செயினுக்கும் பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டினேன்.

"எதுக்குட்டி இந்த வேல? கடையில குடுத்தா அடிச்சுத் தந்துருவானே," என்றார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர்.

"குடுக்க யாரு கொண்டு போவா? அதுக்கும் நாந்தான் உருட்டணும்."

அவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

ஆனி மாதக் காற்று. டப்பாவை அழுத்தினால் நீலம் புகையாகப் பறந்து என் கையிலும் முகத்திலும் படிந்தது. கம்பியில் ஒட்டியது கொஞ்சந்தான். மறைப்புக்குக் கொடியில் ஒரு பழைய சேலையைப் போட்டேன். அது படபடத்து, ஈரப் பெயிண்ட் மேலேயே விழுந்து அப்பியது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுந்து வந்து, சேலையின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே நின்றார்.

"கிட்ட வச்சு அடிக்காத, வழியுதுல்லா. தள்ளிப் பிடிச்சுப் பையப் பைய அடி."

"கால் வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யுது. நீ அடி."

மத்தியானம் நான் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் இரண்டாம் பூச்சை அவரே அடித்து முடித்திருந்தார். "ஓட்டிப் பாக்கீங்களா?" என்றேன். "காயட்டும்," என்றார்.

காய்ந்து பல நாளாகியும் ஏறவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் நான் வரும்போது அடுக்களையில் காய்கறிப் பை இருந்தது. பிறகு மண்ணெண்ணெய் வந்தது, மாவும் வந்தது. மளிகைக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"அண்ணாச்சி எப்பவும் சைக்கிள உருட்டிக்கிட்டே வாராவ. கேட்டா பஞ்சருங்காவ. டயரை மாத்தச் சொல்லுங்கம்மா."

சரி என்றேன். வீட்டில் கேட்கவில்லை. பள்ளி விட்டு வந்து சற்று நேரம் படுக்க முடிந்தது, எனக்கு அது போதும்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு மாலை, பேட்டையில் பஸ் மெதுவாகப் போனபோது அவரைப் பார்த்தேன். சாலை ஓரமாக, நிதானமாக மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். ஜன்னலுக்கும் எனக்கும் நடுவே இரண்டு பேர் நெருக்கி நின்றார்கள். கூப்பிட வாயெடுத்தேன். நாள் முழுக்கப் பாடம் நடத்திய தொண்டையில் சத்தம் எழும்பவில்லை.

"இறங்கணுமாக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"இல்லம்மா," என்று கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.