இரண்டாம் சிரட்டை

கப்பலில் சமைக்கிறவரைப் பண்டாரி என்பார்கள். சீவரத்தினம் முப்பத்தொரு வருடம் பாய்க்கப்பலில் பண்டாரியாக இருந்து, கண் மங்கியதால் கரைக்கு வந்தவர். எங்கள் வீட்டுக்கு எதிரே, வீதிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் நாலு பரப்பு நிலத்தைப் பூங்காவாக்கியவர் அவர்தான் என்று பருத்தித்துறையில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்த மரங்களை முதலில் சாகடிக்கப் பார்த்தவரும் அவர்தான். இதை நான் மட்டும்தான் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் பெயர் மீனாம்பிகை. ஊர் கோப்பாய். தபாற்கந்தோரில் வேலை பார்த்த சோமசேகரத்தைக் கட்டிக்கொண்டு 1962இல் இந்தக் கடற்கரைக்கு வந்தேன். அப்போது அந்த நிலம் குப்பைமேடு. உடைந்த ஓடும் மீன் செதிலும் ஆட்டுப் புழுக்கையும்தான் கிடக்கும். அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் எட்டுக் கிழவர்கள் வந்து குப்பை அள்ளத் தொடங்கினார்கள். எல்லாரும் பழைய கப்பற்காரர். கடலுக்குப் போக உடம்பு விடவில்லை, வீட்டில் சும்மா இருக்க மனைவிமார் விடவில்லை.

சீவரத்தினத்துக்கு அந்த மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. நடையாய் நடந்து ஊர்ச் சபையிடம் நிலத்தைக் கேட்டு வாங்கியவர் அவர்தான். சபையும் சும்மா கொடுத்துவிடவில்லை. பன்னிரண்டு மரம் வையுங்கள், வருகிற ஆவணியில் வந்து பார்ப்போம், பாதிக்கு மேல் உயிரோடு நின்றால் பூங்கா, இல்லாவிட்டால் லொறி நிறுத்தும் இடம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

"இதுவும் போச்சுதெண்டா நான் எங்கை போய் இருக்கிறது, பிள்ளை?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கார்த்திகை மழையோடு பூவரசும் வேம்புமாகப் பன்னிரண்டு கன்று நட்டார்கள். மழை விட்டதும் தண்ணீருக்கு என் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர்.

"எவ்வளவும் அள்ளுங்கோ" என்றேன்.

பண்டாரி இரண்டு வாளிதான் அள்ளினார். மடியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தார். பிடித்துப் பிடித்து மெருகேறிய கறுப்புச் சிரட்டை. மரத்துக்குக் காலையில் ஒரு சிரட்டை, மாலையில் ஒரு சிரட்டை. ஒரு சொட்டுக் கூடாது, குறையாது. மற்ற ஏழு பேரும் வாய் திறக்காமல் பின்னால் போனார்கள். அவர்களில் ஒருவர் கதிரவேலுத் தண்டையல், அதாவது அவர்கள் போன கப்பலின் தலைவர். அவர்கூட வாளியைத் தூக்கிக்கொண்டு பண்டாரி சொன்ன இடத்தில் நின்றார். முடிந்ததும் பண்டாரி மிச்சத் தண்ணீரைக் கொண்டுவந்து திரும்பக் கிணற்றுக்குள் ஊற்றினார். அள்ளிய தண்ணீரைக் கிணற்றிலே திருப்பி ஊற்றுகிறவரை நான் என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன்.

புகுந்த இடம், வாயை அடக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சித்திரை வரைக்கும் பொறுத்தேன். வெயில் ஏறியதும் இலை பழுத்துக் கொட்டியது. மூன்று கன்று பட்டுப்போனது. நாலாவது பட்ட அன்று பின்னேரம் நான் போய் அதைப் பிடுங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வேர் எல்லாம் மேல்மண்ணிலே சுருண்டு கிடந்தது. நாலு விரலுக்குக் கீழே மண் வெறும் புழுதி.

"பாருங்கோ, வேர் தண்ணி தேடி மேலை வந்திருக்கு. மூண்டு நாளைக்கு ஒருக்கா எண்டாலும் பாத்தி கட்டி வாளி வாளியா விட்டாத்தான் வேர் கீழை இறங்கும். நீங்கள் மரத்துக்கு நாக்கு நனைக்கிறியள்!"

"தண்ணியைக் கண்டபடி விடேலாது, பிள்ளை."

"கிணறு என்ரை. நாளைக்கு உந்தச் சிரட்டையோடை வந்தா கிணத்தடிக்கு விடமாட்டன்."

அவர் சிரட்டையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அவரும் வரவில்லை, மற்றவர்களும் வரவில்லை. நானே நாலு மரத்துக்கு வாளியால் ஊற்றி, இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தேன்.

அன்று மாலை கதிரவேலுத் தண்டையல் படலையடியில் வந்து நின்றார். கோபிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இரங்கூனிலை இருந்து அரிசி ஏத்திக்கொண்டு வரேக்கை ஒருக்கா காத்து ஓய்ஞ்சுபோச்சு, பிள்ளை" என்றார். "பத்தொன்பது நாள் கப்பல் நிண்ட இடத்திலை நிண்டது. பதினொரு பேருக்கு ஒரு பீப்பாத் தண்ணி. பூட்டுத் திறப்பு பண்டாரியின்ரை இடுப்பிலை. ஆளுக்குக் காலமை ஒரு சிரட்டை, பின்னேரம் ஒரு சிரட்டை. பதினாலாம் நாள் நான் இன்னொரு சிரட்டை கேட்டன். 'ஏலாது' எண்டான். தண்டையல் எனக்கு! அடிக்கக் கை ஓங்கினன். அவன் அசையேல்லை. பதினொரு பேரும் உயிரோடை ஊருக்கு வந்தம்."

படலையைச் சாத்திவிட்டுத் திரும்பியவர், மறுபடி நின்றார்.

"அண்டைக்குப் பிறகு அவன் என்ரை முகத்தைப் பாத்துத் தண்ணி தந்ததில்லை. நான் அதை மறந்து எவ்வளவு காலம்! அவன் மறக்கேல்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினொரு பேரின் உயிரைக் காத்த சிரட்டையைத்தானே கிணற்றடிக்குக் கொண்டுவராதே என்றேன்! ஆனாலும் மரங்கள் சாகப் போவது சாகப் போவதுதானே.

விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன்.

"பண்டாரியண்ணை, நான் கதைச்ச முறை பிழை. ஆனா சிரட்டைத் தண்ணி மரத்துக்குக் காணாது. அதிலை நான் பிழையில்லை."

"தண்ணி முடிஞ்சா?"

"கிணறு முடியாது, அண்ணை."

"பீப்பாவும் முடியாது எண்டுதான் முதல் கிழமை எல்லாரும் நினைச்சவங்கள்" என்றார்.

சொல்லிவிட்டு அறைக்குள் போய் ஈயக்கட்டி கட்டிய கயிறு ஒன்றை எடுத்து வந்தார். கடலில் ஆழம் பார்க்கிற கயிறு அது. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், பாகத்துக்கு ஒரு முடிச்சு.

கிணற்றடிக்கு எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். பண்டாரி கயிற்றை அடி முட்ட இறக்கி எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் ஒரு நூலைக் கட்டினார். பிறகு நான் சொன்னபடி நாற்பது வாளி அள்ளி, உயிரோடு நின்ற எட்டு மரத்துக்கும் பாத்தி நிறைய விட்டார்கள். ஒவ்வொரு வாளி போகும்போதும் பண்டாரியின் முகம் சுருங்கியது. வெயிலில் காய்ந்த கயிற்றைத் திரும்ப விட்டால் நூலுக்கு ஒரு முழம் கீழேதான் ஈரம்.

"பாத்தியோ?" என்றார். கயிற்றை என் முன்னால் நீட்டினார்.

"பின்னேரம் வரைக்கும் இருங்கோ" என்றேன்.

இருந்தார். கஞ்சி கொடுத்தேன், குடித்துவிட்டு அந்தக் கிணற்றுக்கட்டை விட்டு அசையாமல் இருந்தார். வெயில் சாய்ந்ததும் கயிற்றை இறக்கினார். ஈரம் நூலைத் தொட்டிருந்தது. நம்பாமல் இரண்டாம் முறை இறக்கினார், மூன்றாம் முறையும் இறக்கினார். பிறகு கயிறு கை மாறி எட்டுப் பேரிடமும் போய் வந்தது.

"ஊறுது" என்றார் பண்டாரி.

கோப்பாயில் இதைக் கேட்டால் கைகொட்டிச் சிரிப்பார்கள். பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும் கிணறு ஊறும் என்று. நான் சிரிக்கவில்லை. அந்த மனிதர் முப்பத்தொரு வருடம் ஊறாத தண்ணீருக்குக் காவல் இருந்தவர்.

ஆவணியில் சபை ஆட்கள் வந்தபோது எட்டு மரமும் துளிர்த்து நின்றன. நிலம் பூங்காவானது. கிழவர்கள் முறை வைத்துக் கூட்டினார்கள், வேலி கட்டினார்கள், ஆடு கலைத்தார்கள், உட்கார மரவாங்கு செய்து போட்டார்கள், அந்த வாங்கில் யார் இருப்பது என்று சண்டையும் பிடித்தார்கள். பண்டாரி வாளியால் ஊற்றப் பழகிவிட்டார். சிரட்டை மட்டும் மடியிலேயே இருந்தது.

1969 புரட்டாதியில், வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குப் போய் வருகிற சனத்துக்காகப் பெரிய பூவரசின் கீழே தண்ணீர்ப்பந்தல் போட்டோம். தண்ணீர் என் கிணற்றுத் தண்ணீர். வார்க்கிறவர் பண்டாரி. செம்பு இருக்க, அவர் சிரட்டையால்தான் வார்த்தார்.

மத்தியானம் கதிரவேலுத் தண்டையல் தீர்த்தமாடிவிட்டு வேர்க்க வேர்க்க நடந்து வந்தார். பண்டாரி குனிந்தபடி ஒரு சிரட்டை கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"தண்டையல், நில்லுங்கோ."

பண்டாரி இரண்டாவது சிரட்டையை நிரப்பி, தலையை நிமிர்த்தி, அந்த மங்கிய கண்ணால் அவர் முகத்தையே பார்த்து நீட்டினார்.

"இது அண்டைக்குத் தராதது."

தண்டையல் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரே மூச்சில் குடித்தார். சிரட்டையைத் திரும்ப நீட்டினார்.

"இன்னும் ஊத்தடா, பண்டாரி" என்றார்.

பண்டாரி ஊற்றினார். சிரட்டை நிறைந்து, தண்டையலின் கை வழியாக மண்ணில் வழிந்தது. அவர் நிறுத்தவேயில்லை. என் கிணற்றுத் தண்ணீர் வீணாய்ப் போகிறதே என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.