வாயால் சமைத்த கசகசா கேக்

போன வருடம் நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. ஜெர்மனியில், ஹம் நகரிலிருந்து பீலெஃபெல்டில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்பவள். வாரம் முழுக்க உப்புக் குறைத்த உருளைக்கிழங்கை அவித்துக் கொட்டும் எனக்கு அன்று லீவு. அக்கா, பனங்கிழங்கு மாவில் மீன் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சுவதாகச் சொல்லியிருந்தார், எனக்கு அதுவே பெருநாள்.

ஓல்டே நிலையம் தாண்டியதும் ரயில் வயல்வெளிக்கு நடுவில் நின்றுவிட்டது. சிக்னலில் கோளாறாம், எப்போது புறப்படும் என்று தெரியாதாம். பிந்தி வருவேன் என்று சொல்ல அக்காவுக்கு அழைத்தேன். எங்கள் வீட்டில் தொலைபேசியை எடுத்தால் முதல் கேள்வி என்ன சமையல் என்பதுதான். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கூழுக்கு என்ன மீன் என்று கேட்டேன். சால்மன் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, சால்மன் போட்டால் அது கூழோ? சூப் எண்டு சொல்லுங்கோ!"

"இஞ்ச ஒட்டி மீனும் ஓரா மீனும் உனக்கு ஆர் கொண்டுவந்து தாறது? விருப்பமில்லாட்டி வராத!"

பிறகு பழப்புளி எவ்வளவு என்பதில் இன்னொரு சுற்று. எங்கள் குடும்பத்துக்கே பெரிய தொண்டை. நான் ஒரு கையை ஆட்டிக்கொண்டு கத்த, அக்கா அந்தப் பக்கம் அதைவிடக் கத்த, பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதைப் பேசி முடித்த பிறகுதான் கவனித்தேன். எதிர் இருக்கையில் எழுபது வயது தாண்டிய ஒரு ஜெர்மன் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் ரயிலில் சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்தேன்.

அவரோ முன்னால் சாய்ந்து, யாராவது உங்களை மிரட்டுகிறார்களா, உதவி தேவையா என்று மெல்லக் கேட்டார். பாவம், விவாகரத்து வழக்கு அளவுக்கு எதையோ கற்பனை செய்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை, என் அக்கா கூழுக்குத் தவறான மீனைப் போடுகிறார் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையில் வேலை உடுப்போடு இருந்த தாடிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி சொன்னார்: "என் அம்மாவும் இப்படித்தான் சண்டை போடுவாராம். ஆனால் அங்கே மீனும் இல்லை, பானையும் இல்லை."

அவருடைய அம்மா ஒரு யூதப் பெண். இளம் வயதில் நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டு உயிரோடு மீண்டவர். நாள் முழுவதும் அடியும் வேலையும், சாப்பாடு என்று ஒரு துண்டு ரொட்டியும் தண்ணீர்ச் சூப்பும். இரவில் பலகைப் படுக்கையில் நெருக்கியடித்துக் கிடக்கும்போது அந்தப் பெண்கள் வாயால் சமைப்பார்களாம். ஒவ்வொரு நாளும் ஒருத்தி வீட்டில் விருந்து. எலும்பும் தோலுமான பெண்கள், கேக்குக்கு முட்டை நாலா ஆறா என்று குரல் உயர்த்திச் சண்டை பிடிப்பார்கள். பெயரைப் பறித்துக் கையில் ஓர் எண்ணைப் பச்சை குத்திய இடத்தில், ஆறு முட்டை என்று அடித்துச் சொன்ன நேரத்தில் மட்டும் அவர்கள் பழையபடி மனிதர்களாக இருந்தார்கள் என்று அவருடைய அம்மா சொல்வாராம்.

 அவர் எங்களை அழவிடவில்லை. அம்மாவின் கசகசா கேக்கை எப்படிச் செய்வது என்று அங்கேயே சொல்ல ஆரம்பித்தார். கசகசாவை அரைத்துப் பாலில் கொதிக்க வைக்க வேண்டும் என்றார். தாடிக்காரர் குறுக்கே பாய்ந்து, தன் அம்மா கொதிக்க விடுவதே இல்லை என்றார். நான் விடுவேனா? எங்கள் கொழுக்கட்டைக்குப் பயறு வறுக்கும் பக்குவத்தை எடுத்துவிட்டேன். நின்றுபோன ரயிலில் பசியோடு இருந்த மூன்று பேரும் சேர்ந்து பெரிய விருந்தே வைத்துவிட்டோம்.

ரயில் மெதுவாக அசைந்தது. உடனே அந்தப் பெண்மணியின் முகம் மாறிவிட்டது. கூட்டர்ஸ்லோவில் இறங்கித் திரும்பிப் போய்விடப் போகிறேன் என்றார். பீலெஃபெல்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தாராம். அதுதான் முதல் முறை. விருந்துக் கதையைச் சொன்னால் அதன் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும், அதற்குத் தைரியம் இல்லை என்றார்.

அந்த மற்றப் பாதி இதுதான். அந்தப் படுக்கையில் ஒருத்தி, பக்கத்தில் படுத்திருந்தவளின் ரொட்டியைத் திருடிவிட்டாள். அங்கே ரொட்டியைத் திருடுவது உயிரைத் திருடுவது மாதிரி. அதனால் மற்றவர்கள் அவளை இரவு விருந்தில் சேர்க்கவில்லை. இல்லாத மேசையிலிருந்து அவளை எழுப்பி விட்டார்கள். முகாம் காவலர்கள் அடித்தபோது அழாதவள், அதற்கு அழுதாளாம். சில இரவுகள் கழித்து, ரொட்டியைப் பறிகொடுத்தவளே, அன்று வாயால் சமைத்த கேக்கில் முதல் துண்டை வெட்டி அவள் கையில் வைத்தாளாம்.

"இந்த இருவரில் என் அம்மா யார்? அதை மட்டும் அவர் சொல்லவே இல்லை," என்றார். "ஒரு முறை கேட்டேன். எழுந்து போய்விட்டார். பிள்ளைகள் கேட்பார்களே, என்ன சொல்வேன்?"

 என் வாயில் வந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கேள்விதான்.

"அவ சாப்பிட்டவவோ?" என்கிற மாதிரி என் அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்.

"யார்?"

"திருடியவர். அந்தக் கேக்கை வாங்கிச் சாப்பிட்டாரா?"

அவர் யோசித்தார். "சாப்பிட்டாராம். உள்ளங்கையில் ஒட்டியிருந்த துகளைக்கூட விடவில்லை என்று அம்மா சொல்வார்."

அப்படியானால் முடிந்துவிட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஆட்களின் வழக்கத்தை விளக்கினேன். எங்களில் இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டால், அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்பதுதான் கடைசி வார்த்தை. அதைவிடப் பெரிய பகை இல்லை. சமாதானமாவதற்கும் யாரும் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை. ஒரு நாள் வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் பிழை விட்டது என்று பேச்செடுப்பவரைத்தான் எல்லாரும் ஏசுவார்கள். ஒருத்தி போட்டாள், மற்றவள் சாப்பிட்டாள், அதோடு கணக்குத் தீர்ந்தது என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை.

கூட்டர்ஸ்லோ வந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவு திறந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.  அவர் நின்றபடியே கதவைப் பார்த்தார், பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டார்.

அக்காவுக்கு அழைத்தேன். கூழ் ஆறினால் பச்சைத் தண்ணி, பிறகு என்னைக் குறை சொல்லாதே என்று ஒரு பாட்டம் திட்டினார். விஷயத்தைச் சொன்னதும் சத்தம் அடங்கியது. "அவவோட போட்டு வா. நான் திருப்பிக் காய்ச்சுறன்," என்றார்.

வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் முழுக் கதையையும் சொன்னார். கேக் சண்டையில் பிள்ளைகள் சிரித்தார்கள், ரொட்டியில் அடங்கிப் போனார்கள். கடைசியில் ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தி, நாங்கள் பயந்த அதே கேள்வியைக் கேட்டாள்.

அவர் தயங்கவில்லை. "எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் என் அம்மாதான் என்று முடிவு செய்துவிட்டேன்," என்றார். நான் அங்கே வாய்விட்டு அழுதுவிட்டேன். ஆசிரியர் ஓடி வந்து தண்ணீர் தந்தார், மானம் போனது. அன்று மாலை அந்தப் பெண்மணியையும் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உறைப்புத் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு கோப்பை கூழ் குடித்தார். அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒருவர் இருக்கிறார். என் நிறத்தைப் பார்த்துவிட்டு, இவள் தொட்டதைச் சாப்பிட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர். முன்பெல்லாம் அவர் தட்டை மற்ற வேலையாட்களிடம் கொடுத்தனுப்பிவிடுவேன். இப்போது நானே கொண்டு போய் வைக்கிறேன். சில நாள் சாப்பிடுகிறார், சில நாள் தள்ளிவிடுகிறார், தள்ளிவிட்டால் எனக்கு இன்னும் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில், தன் ரொட்டியைத் திருடியவளுக்கே ஒருத்தியால் முதல் துண்டை வெட்டிக் கொடுக்க முடிந்தது என்றால், நிறைந்த பானைக்குப் பக்கத்தில் நிற்கும் நான் யாரையும் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பிவிட எந்தச் சாட்டும் சொல்ல முடியாது.