தெற்கே சூலம், வியாழக்கிழமை விமானம்

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனாக இருந்தவன் யாழ்ப்பாணத்துக்காரன். ஐம்பத்துமூன்று வருட நட்பு. விடுதி நாட்களைக் கழித்துவிட்டால் நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது நான்கே முறை. கடந்த மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மகன் வீட்டை விக்கச் சொல்லிப்போட்டான். இன்னும் ரெண்டு கிழமையில, வெள்ளிக்கிழமை இரவு, கொழும்பில இருந்து கனடாவுக்கு பிளேன். திரும்பி வாறது எண்டது இனி இல்லை. ஒருக்கா வந்திட்டுப் போவன்ரா."

பதினான்கு நாள் இருந்தது. எனக்கு எழுபத்திரண்டு வயது, அவனுக்கு எழுபத்துமூன்று. கனடாவுக்கு விசா வாங்கி, இருபது மணி நேரம் உட்கார்ந்து போக என் முதுகு ஒத்துக்கொள்ளாது. இப்போது பார்க்காவிட்டால் இனி இல்லை. ஒரு வாரம் அவனோடு தங்குவது என்று முடிவு செய்து, ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன்.

முதல் கட்டத்தில் கப்பல். நாகப்பட்டினத்துக்கு ஓர் இரவு ரயில், பிறகு நான்கு மணி நேரம் கடல். ஆனால் மழைக்காலம் முடியும்வரை கப்பல் இல்லை என்றார்கள். இரண்டாவது, கொழும்புக்கு விமானம். அங்கிருந்து ஏழெட்டு மணி நேரம் தரைவழி. மூன்றாவது, சென்னையிலிருந்து நேராக யாழ்ப்பாணம் போகும் சின்ன விமானம். ஒன்றரை மணி நேரம்தான். மூன்றாவதன் கீழ் இரண்டு முறை கோடு போட்டேன்.

அடுத்தது விசா. அண்டை நாடுதானே, அங்கே போய் இறங்கியதும் முத்திரை குத்திக்கொள்ளலாம் என்றார் எங்கள் குடியிருப்பின் செயலாளர். முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றது ஒரு வலைத்தளம். இந்தியர்களுக்குக் கட்டணம் உண்டு என்றது ஒன்று, இல்லை என்றது இன்னொன்று. தி. நகரில் ஒரு துணிக்கடை மாடியிலிருந்த பயண முகவரிடம் போனேன். முப்பத்தெட்டுப் படிகள், லிப்ட் கிடையாது.

"இன்னா சார் நீங்க! போன மாசம் ரூல் வேற, இந்த மாசம் ரூல் வேற. நானே காலைல டீ குடிக்கறதுக்கு முன்னாடி பாத்துகினுதான் சொல்றேன். ஆன்லைன்ல போட்டுட்டு அப்ரூவல் மெயிலோட போங்க, அதான் சேஃப்டி. பாஸ்போர்ட் ஆறு மாசம் உயிரோட கீதா?"

"ஏழு மாசம், நாலு நாள்."

"நாலு நாளையும் எண்ணி வெச்சிகினு இருக்கீங்களே, சூப்பர் சார்!"

அன்றே விண்ணப்பித்தேன். மறுநாள் வரும் என்ற மின்னஞ்சல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாளுக்கு இருபது முறை பார்த்தேன். ஐந்தாவது நாள் மறுபடி மாடியேறி முகவரிடம் முறையிட்டபோது, அவர் என் கைபேசியை வாங்கி, குப்பை அஞ்சல்கள் கிடக்கும் பெட்டியைத் திறந்து காட்டினார். லாட்டரிப் பரிசு ஒன்றுக்கும் முழங்கால் தைலம் ஒன்றுக்கும் நடுவில் என் விசா நான்கு நாளாகக் கிடந்தது. அதற்குள் சின்ன விமானத்தில் இடங்கள் போய்விட்டன. மிச்சமிருந்தது அவன் புறப்படுவதற்கு முந்தைய நாளான வியாழக்கிழமை மட்டும். ஒரு வாரம் என்றிருந்தது ஒரு பகல், ஓர் இரவு என்று ஆயிற்று. இருக்கட்டும் என்று டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மனைவி பஞ்சாங்கத்தோடு காத்திருந்தாள்.

"ஏன்னா, வியாழக்கிழமை தெக்கே சூலம். தெக்காலதானே போறேள்?"

"விமானத்துக்குச் சூலம் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமோல்லியோ? பரவாயில்லை, பரஸ்தானம் வெச்சுட்டாப் போறது."

புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல வேளையில், பயணம் போகிறவரின் பொருள் ஒன்றைப் போகும் திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டு வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. போகும்போது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மந்தைவெளியில் எங்களுக்குத் தெற்கே இரண்டாவது தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர் தனியாக இருந்தார். புதன்கிழமை பத்தரை மணிக்கு அங்கே வைப்பது என்று மனைவி தீர்மானித்தாள்.

மஞ்சள் பையில் ஒரு துண்டு, கொஞ்சம் அரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு போட்டாள். "உங்களோடது ஒண்ணு வேணும். அது இல்லாம நீங்க கிளம்பவே முடியாதுங்கற மாதிரி ஒண்ணா இருக்கணும்" என்றாள்.

எனக்கு எரிச்சல். "அது இல்லாமல் கிளம்ப முடியாதது உலகத்தில் ஒன்றுதான்" என்று சொல்லி, பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் எடுத்துப் பைக்குள் போட்டேன். அவள் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "அதுவும் சரிதான்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

விமானம் பத்தரைக்கு. வியாழன் காலை ஐந்தே முக்காலுக்கே பெட்டியோடு மாமி வீட்டுக்கு நடந்தேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு அடி, குடை பிடித்தபடி. கதவில் பூட்டு.

"மாமியா சார்?" என்றார் வாசலில் இருந்த காவலாளி. "நாலு மணிக்கே போய்ட்டாங்க. வேளச்சேரில பொண்ணு வூட்டாண்ட தண்ணி பூந்துடுச்சாம்."

பதினேழு முறை அழைத்தேன். ஆறு ஐம்பதுக்கு எடுத்தார். "ஐயோ மாமா, பை ஞாபகமே இல்லையே! சாவி என்கிட்டன்னா இருக்கு!"

மூன்று ஆட்டோக்கள் மறுத்தன. நான்காவது ஆட்டோக்காரர், "வேளச்சேரியா? போட் இருந்தா சொல்லு நைனா, ஓட்டறேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். முழங்கால் தண்ணீரில் நின்று மாமி சாவியை நீட்டினார். அந்த இடத்திலிருந்து விமான நிலையம் அரைமணி நேரம்கூட இல்லை. நானோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மந்தைவெளிக்குத் திரும்பினேன். பூட்டைத் திறந்தால் சுவாமி படத்துக்கு அடியில் மஞ்சள் பை, மேலே பூ வைத்து.

விமான நிலையத்தில், "கவுன்ட்டர் க்ளோஸ் பண்ணி இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு அங்கிள். நாளைக்கு ஃப்ளைட்ல வேணா பாக்கலாம்" என்றாள் ஒரு பெண். நாளைய விமானம் யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது அவன் வீட்டில் இருக்க மாட்டான். மதியம் பன்னிரண்டுக்கு வேனில் கொழும்பு விமான நிலையத்துக்குப் புறப்படுவதாகச் சொல்லியிருந்தான்.

அங்கேயே உட்கார்ந்து தாளை எடுத்து இரண்டாவது கட்டத்தைப் பார்த்தேன். வெள்ளி மாலை கொழும்புக்கு ஒரு விமானம். ஏழு மணிக்கு இறங்கும். அவன் வேன் வந்து சேர எட்டரை ஆகும்; வந்ததும் உள்ளே போயாக வேண்டும். வாசலில் கையாட்டலாம், அவ்வளவுதான். அதற்கும் டிக்கெட் எடுத்து, அவனுக்குத் தகவல் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை குடியேற்ற வரிசையில் எனக்கு முன்னால் அறுபத்திரண்டு பேர். வெளியே வந்தபோது ஏழு முப்பத்தெட்டு. புறப்பாட்டு வாசலுக்குப் போனால், தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"எங்கையடா போனனீ? நேத்து உனக்கு நண்டுக் குழம்பு வச்சவ மனிசி. தின்ன ஆளில்லை" என்றான், சற்றுத் தள்ளி நின்ற மனைவியைக் காட்டி.

"நான் நண்டு சாப்பிட மாட்டேன்டா."

"அது எனக்குத் தெரியும். எனக்குத்தான் வச்சவ."

எட்டரைக்கு வர வேண்டியவன் எப்படி வந்தாய் என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கிறாய்? பத்தரைக்கு ராகுகாலமாம். மனிசி பத்து மணிக்கே வேனில ஏத்திப்போட்டா. ஆறரையில இருந்து இஞ்சதான் நிக்கிறம்."

எட்டரை வரை பேசினோம். ஐம்பத்திரண்டு நிமிடம். என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உள்ளே போகும்முன் அவன் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டான். விடுதியிலும் அப்படித்தான் செய்வான். நான் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் காலை விமானத்தில் திரும்பினேன். முப்பது நாள் விசாவில் ஒரு நாள்கூட முழுதாகச் செலவாகவில்லை.

"பரஸ்தானம் வெச்சதனாலதான் பாக்கவாவது முடிஞ்சுது" என்றாள் மனைவி, காப்பியை நீட்டியபடி.

அவன் சீக்கிரம் வந்து சேர்ந்த காரணத்தை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.