கறுப்புத் துணிக்கு முன்னால் பதினோரு பொம்மைகள்

காலையில் ஊசி போடும் நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை. அன்று திரையில் சௌந்தரராஜன் சாரின் பெயர் தெரிந்ததால் எடுத்தேன். பேசியது அவருடைய மகள். "சிஸ்டர், அப்பா இன்னிக்குக் கார்த்தால ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார்" என்றாள். ஸ்ரீரங்கத்து வீடுகளில் சாவை அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், "எந்த ஹாஸ்பிடல்ல சேர்த்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் நர்ஸாக இருப்பவள் கேட்கிற கேள்வியா அது? அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "தூக்கத்துலேயே போயிட்டார், சிஸ்டர்" என்று நிதானமாகச் சொன்னாள். நான் மீதி ஊசிகளைப் போட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அவரை அறிந்தவர்கள் திருச்சியில் நிறைய. தீயணைப்பு நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர் பெட்டியும் கையுமாக ஏறி இறங்கிய மண்டபக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஆளுக்கொரு கதை இருக்கும். இது என் வார்டில் நடந்த கதை.

நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். இரண்டாம் மாடியில் பதினோரு கட்டில்கள் உள்ள வார்டுக்கு நான் பொறுப்பு. தீ விபத்துப் பயிற்சி கொடுக்க ஒருவர் வருகிறார் என்றார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண், கையில் பழைய சூட்கேஸோடு ஒருவர் வந்து நின்றார். சூட்கேஸைத் திறந்தால் உள்ளே முழுக்கப் பொம்மை. சமயபுரம் கோயில் வாசல் கடைகளில் வாங்கிய பிளாஸ்டிக் தீயணைப்பு வண்டி, போலீஸ்காரர்கள், மட்டையைத் தூக்கிப் பிடித்த கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். கூடவே துணியில் சுற்றி, தொந்தி வைத்த ஒரு மண் பொம்மை. அது அவர் வீட்டுக் கொலுவிலிருந்து வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "சார், எங்களுக்கு விளையாட நேரமில்லைங்க" என்றேன்.

"எனக்கும் இல்லை, சிஸ்டர். ஆத்துல நவராத்திரிக்குள்ள இந்தப் பொம்மையைத் திருப்பி வைக்கணும். சீக்கிரம் ஆரம்பிக்கலாமா?" என்றார்.

கேண்டீன் மேஜையில் சாக்பீஸால் கட்டம் போட்டு என் வார்டை அப்படியே வரைந்தார். எனக்குத் தெரியாமல் முதல் நாளே வந்து காலடியால் அளந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆட்டக்காரர்களைக் கட்டில்களில் படுக்க வைத்தார். தொந்திப் பொம்மை ஆறாம் கட்டிலுக்கு. தூக்கிப் பார்த்தால் நல்ல கனம். பருத்த நோயாளிக்காக அதைக் கொண்டு வந்தாராம். எங்களுக்கு ஆளுக்கொரு போலீஸ்காரர். ஒரு மூச்சுக்கு ஒரு கட்டம்தான் நகரலாம். தீயணைப்பு வண்டியை மேஜையின் மறுகோடியில் நிறுத்தி, "இது சத்திரம் பஸ் ஸ்டாண்ட் டிராஃபிக்ல நிக்கறது. வந்து சேர்ற வரைக்கும் நீங்கதான் ஃபயர் சர்வீஸ்" என்றார். பிறகு ஒரு பழைய குடையிலிருந்து பிரித்த கறுப்புத் துணியை எடுத்து, மேஜையின் ஒரு மூலையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். அதுதான் புகை. துணிக்குள் போன பொம்மை போனதுதான்.

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். துணி மூன்றாம் கட்டிலை மூடியதும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் என் போலீஸ்காரரை நேராக நர்ஸ் மேஜைக்கு ஓட்டினேன். பதினோரு பேருடைய கேஸ் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கேஸ் ஷீட் இல்லாமல் நோயாளியை ஒரு அடி நகர்த்தக்கூடாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. சார் துணியை நிறுத்தினார். "காகிதமெல்லாம் பத்திரமா வெளியில வந்துடுத்து, சிஸ்டர். மனுஷா எங்கே?" என்றார். என் முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பேங்க்ல பண்ணினா அவா முதல்ல லாக்கரைப் பூட்டறா. கல்யாண மண்டபத்துல சாம்பார் அண்டாவை இறக்கறா. அவாவா வேலை அவாவாளை விடாது" என்றார்.

அன்று அவரும் ஒரு தப்புச் செய்தார். எங்களுக்குச் செய்து காட்ட நாலாம் கட்டில் பொம்மையைச் சட்டென்று தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "இவரை இப்படித் தூக்க முடியாது சார். மூக்குல ஆக்சிஜன், கையில டிரிப்ஸ், கீழே யூரின் பை. மூணையும் கழட்டணும், இல்லைன்னா கூடவே தூக்கணும்" என்றேன். அவர் பொம்மையை மெல்லக் கீழே வைத்தார். "முப்பது வருஷம் ஜனங்களைத் தூக்கிண்டு ஓடியிருக்கேன். இதை நான் யோசிச்சதே இல்லை" என்றார். அடுத்த வாரம் வந்தபோது ஒவ்வொரு பொம்மையிலும் மூன்று நூல் கட்டி, நூலின் நுனியைக் கட்டிலில் ஒட்டியிருந்தார். எந்த நூலை முதலில் அவிழ்ப்பது என்று நான் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்துதான் எங்களுக்குள் ராசியானது.

எப்படி ஆடினாலும் நாலு பொம்மைகள் துணிக்குள் போய்க்கொண்டே இருந்தன. காரணம் எங்களுக்குத் தெரியும். வார்டுக்குப் பின்னால் இன்னொரு கதவு உண்டு. அதைத் திறந்தால் ஸ்ட்ரெச்சர் இறங்கும் சாய்வுப் பாதை. ஆனால் பார்க்க வருகிறவர்கள் நேரம் காலம் இல்லாமல் அந்த வழியாக ஏறி வருகிறார்கள் என்று அதைப் பூட்டி, உள்பக்கம் துணி பீரோவை நிறுத்தியிருந்தார்கள். நானே பெரிய டாக்டரிடம் இரண்டு முறை சொல்லி அலுத்துவிட்டேன். சார் புகார் எழுதவில்லை, சட்டம் பேசவில்லை. பெரிய டாக்டரையே மேஜைக்கு அழைத்து வந்து, "இன்னிக்கு நீங்கதான் நர்ஸ், டாக்டர்" என்றார்.

டாக்டர் கெட்டிக்காரர். மளமளவென்று பொம்மைகளை நகர்த்தினார். முன்வாசலில் நெரிசல் ஆனதும் பின்கதவுக்குத் திரும்பினார். சார் அங்கே ஒரு தீப்பெட்டியை வைத்தார். "பீரோ."

"தள்ளிடலாம்."

"சரி, தள்ளியாச்சு. சாவி?"

"வாட்ச்மேன்கிட்ட."

"அவர் டீ குடிக்கப் போயிருக்கார், டாக்டர்." துணி நகர்ந்துகொண்டே இருந்தது. தொந்திப் பொம்மையும் இன்னும் மூன்று ஆட்டக்காரர்களும் அதற்குள் போனார்கள். டாக்டர் துணியைத் தூக்கி அந்த நாலையும் பார்த்தார். எழுந்து போய்விட்டார். சாருக்கு அவமானமாகிவிட்டதோ என்று நான் பயந்தேன். மறுநாள் காலையில் தச்சர் வந்துவிட்டார். பீரோ வேறு இடத்துக்குப் போனது. உள்ளிருந்து யாரும் திறக்கலாம், வெளியிலிருந்து முடியாது என்கிற மாதிரி தாழ்ப்பாள் வந்தது. திறந்தால் மணியும் அடிக்கும்.

இதெல்லாம் நடந்து சில மாதங்களில், ஒரு நாள் முற்பகலில், ஐந்தாம் கட்டிலுக்கு மேலே இருந்த ஏசியிலிருந்து புகை வந்தது. முதலில் நூல் மாதிரி, பிறகு குபுகுபுவென்று. பயந்துதான் போனேன்; அதை மறைக்கமாட்டேன். ஆனால் வாய் தானாக, "நூலை அவிழுங்க!" என்று கத்தியது. நான், இரண்டு நர்ஸுகள், ஆயா ராணியம்மா. கேஸ் ஷீட் பக்கம் யாரும் திரும்பவில்லை. அன்றைக்கு ஆறாம் கட்டிலில் நிஜமாகவே ஒரு பருமனான மனிதர். படுக்கை விரிப்போடு இழுத்துக்கொண்டு போனோம். மணி அடித்தபடி பின்கதவு திறந்தது. சாய்வுப் பாதையில் பதினோரு பேரையும் இறக்கி உட்கார வைத்தோம்.

பதினோரு பேர் வந்தாயிற்று என்று நான் சுவரில் சாய்ந்திருப்பேன். ஆனால் பயிற்சியில் இதற்காகவே சாரிடம் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறோம்! "வெளியில வந்தவாளை எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கோ. நர்ஸும் மனுஷிதான்." எண்ணினேன். பதினைந்து இருக்க வேண்டும். பதினான்கு. மறுபடி எண்ணினேன். ராணியம்மா இல்லை.

முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கதவுக்குள் குனிந்து, அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். புகைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. கையை நீட்டித் துழாவி, கிடைத்த தோளைப் பிடித்து இழுத்தேன். கண்ணில் நீர் கொட்ட வெளியே வந்து விழுந்தாள். கையில் ஒரு கிண்ணம். "ஒன்பதாம் நம்பர் பாட்டையா பல்செட்டுக்கா. அது இல்லாம அவரு சாப்பிட மாட்டாருக்கா" என்றாள். அவளை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். தீயணைப்பு வண்டி வருவதற்குள் எங்கள் ஆட்களே மின்சாரத்தை நிறுத்தி, தீயணைப்புக் கருவியை அடித்துப் புகையை அடக்கிவிட்டார்கள்.

சாருக்குப் போன் செய்தேன். நான் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "பதினஞ்சா, சிஸ்டர்?" என்றார். "பதினஞ்சுங்க சார்" என்றேன். 

அவர் போன அன்று மதியம் டியூட்டி முடிந்து ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதியில் அவர் வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கண் வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது. நிலைப்படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நடையில் இருபுறமும் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் ஒரு ஆள் போகக்கூட இடமில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து போய்ச் செருப்புகளை ஓரமாக ஒதுக்க ஆரம்பித்தேன். தீயணைப்பு நிலையக் காக்கி உடுப்பில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் நாற்காலிகளை மடித்து எடுத்தார்.

நிமிர்ந்தால், கூடத்திலிருந்து சாருடைய மனைவி, மாமி, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இழவு வீட்டில் இப்படிச் செருப்புப் பொறுக்கிக்கொண்டிருக்கிறோமே என்று கூசிப் போனேன். மாமி கையால் வா என்றார். அருகே போய்க் குனிந்தேன். "பின்கட்டுக் கதவையும் திறந்து வெச்சுடுங்கோ, சிஸ்டர். இத்தனை ஜனம் உள்ளே இருக்கே" என்றார்.

சமையலறை தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன். கதவுக்கு முன்னால் ஒரு வாளிகூட இல்லை. தாழ்ப்பாளில் எண்ணெய் போட்டிருந்தது. ஒரு விரலால் தள்ளியதும் திறந்துகொண்டது. அங்கே நின்றுதான் அழுதேன்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தப் பழக்கம். போன வாரம் உப்பிலியபுரத்தில் என் அண்ணன் மகள் கல்யாணம். மண்டபத்துப் பின்வாசல் பூட்டியிருந்தது. "அத்தை, இன்னிக்குமா?" என்று கல்யாணப் பெண்ணே சிணுங்கினாள். சாவி வந்து, கதவைத் திறந்து, அந்த வழியாக வெளியே போய் உள்ளே வந்த பிறகுதான் நான் பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.